சேர்த்து வைப்பதா, பிடித்து வைப்பதா?

கேள்வி: தீபாவளிக்குத் தேக்காவில் மகளுக்கு எட்டு வெள்ளியில் ஒரு டீ-சட்டை வாங்கினேன். திருப்பூர்ப் பக்கத்து மில் பெண்களைப் பற்றி எங்கோ படித்துவிட்டுத் தொடமாட்டேன் என்கிறாள். போதாததற்கு, “வீட்டில் அக்காவுக்கும் அதைத்தானே செய்கிறீர்கள்” என்கிறாள். எங்கள் பணிப்பெண்ணுக்குக் கைச்செலவுக்குக் கொடுத்துவிட்டு மீதிச் சம்பளத்தை நான் சேர்த்து வைக்கிறேன். ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவேன். கணவன் குடித்தே அழிப்பான் என்று அவளே கேட்டுக்கொண்டதுதான். இது சுரண்டலா?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: சட்டையைப் போடச் சொல்லுங்கள். குப்பையில் எறிந்தால் தைத்தவருக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது. விலை கூடிய சட்டை என்றால் பாவம் ஒட்டாது என்றும் இல்லை. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்களே, அங்கே பேர்பெற்ற கம்பெனிகளுக்கும்தான் தைத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்று பயந்தே பலர் மறுநாள் மாடியேறினார்கள்.

உங்கள் மகள் படித்தது சுமங்கலித் திட்டமாக இருக்கும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இளம்பெண்கள் மூன்று வருடம் விடுதியில் தங்கி உழைக்க வேண்டியிருந்தது. கல்யாணச் செலவுக்கென ஒரு தொகை, கடைசியில் மொத்தமாக. பெற்றவர்களுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை.

நீங்கள் அப்படி ஏமாற்றமாட்டீர்கள், நம்புகிறேன். ஆனாலும் நாளைக்கே உங்கள் வீடு பிடிக்கவில்லை என்றால், உங்கள் பணிப்பெண் உங்களிடமே வந்து கைநீட்டித்தானே கிளம்ப வேண்டும்? அந்த நினைப்பு இருக்கிற வாய் எதற்கும் “சரிக்கா” என்றுதான் சொல்லும். பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2019 ஜனவரி முதல் இங்கே மனிதவள அமைச்சின் விதி. சம்பளம் மாதாமாதம் அவர் கைக்குப் போயாக வேண்டும்.

கணவர் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. பணிப்பெண்ணின் பெயரில் இங்கேயே வங்கிக் கணக்கு திறந்து கொடுங்கள், அட்டையும் ரகசிய எண்ணும் அவரிடமே இருக்கட்டும். ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். (பாஸ்போர்ட்டும் உங்கள் அலமாரியில்தானா? அதையும் கொடுத்துவிடுங்கள். மாதத்தில் ஒரு ஓய்வுநாளுக்காவது பதில் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்பதும் 2023 முதல் சட்டம்.)

இந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டை எடுத்து, மகளையும் பணிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூவருமாகக் கூட்டிப் பாருங்கள். உங்கள் நோட்டும் பணிப்பெண்ணின் மனக்கணக்கும் ஒத்துவராவிட்டால், முதலில் அவரைப் பேச விடுங்கள்.