சான் டியாகோவின் காந்தச் சாலை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

டிரைவர் இல்லாத கார்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் சான் டியாகோவில் 1997-ல் நடந்த சோதனையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அதன் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். எட்டு ப்யூக் கார்கள், நடுவில் இன்னொரு கார் நுழைந்தால் உரசிவிடும் என்ற அளவு இடைவெளியில், ஸ்டியரிங்கை யாரும் தொடாமல், சாலையில் புதைத்த காந்தங்களைப் பின்பற்றி ஓடுகின்றன. அப்போதே முடிந்தது என்றால் இன்றுவரை அப்படியொரு சாலை ஏன் வரவில்லை? அவ்வளவு நெருக்கம் பைத்தியக்காரத்தனம் இல்லையா? கார்களே கேமரா வைத்து ஓடும் இந்தக் காலத்தில் தாருக்குள் காந்தம் எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

நெருக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டு கேள்விகளும் அதோடு பின்னிக் கிடக்கின்றன.

இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 29 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 105 கி.மீ.யில் போகின்றன. முன்கார் முழு பிரேக் பிடிக்கிறது. அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் 8 மீட்டர் குறைகிறது. பின்காரின் டயர் தேய்ந்தது, 5 மீட்டர்தான் குறைக்க முடிகிறது. இரண்டும் ஒரே கணத்தில் பிரேக் பிடித்ததாகவே வைத்துக்கொள்வோம். இடைவெளி 2 மீட்டர் என்றால், மோதும்போது வேக வித்தியாசம் மணிக்கு 12 கி.மீ. பம்பர் நசுங்கும், அவ்வளவுதான். 6.5 மீட்டர் என்றால் 22 கி.மீ. 15 மீட்டர் என்றால் 34. 20 மீட்டரில் 39. அதற்கு மேல் குறையத் தொடங்கும். 32 மீட்டரைத் தாண்டினால் மோதலே இல்லை. பின்கார் அரை நொடி தாமதமாகப் பிடித்தாலும் 46 மீட்டர் இருந்தால் தப்பிவிடும்.

ஆக, ஒட்டிப் போனாலும் ஆபத்து குறைவு, நன்றாக விலகிப் போனாலும் ஆபத்து குறைவு. ஆள் சாவது நடுவில்தான். நெரிசல் நேரத்தில் நாமெல்லாம் ஓட்டுகிற இடைவெளி அதுதான்!

பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 'பாத்' ஆய்வுக் குழு இந்தக் கணக்கின் மேல்தான் தன் திட்டத்தைக் கட்டியது. கார்கள் ரயில்பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் தொடராக ஓடும். தொடருக்குள் காருக்குக் கார் 6.5 மீட்டர், ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் இடையில் 60 மீட்டர் என்று வையுங்கள். 5 மீட்டர் நீளமுள்ள எட்டு கார், ஏழு இடைவெளி, பின்னால் 60 மீட்டர் காலி: மொத்தம் 145.5 மீட்டர். அது ஒரு புள்ளியைக் கடக்க 5 நொடி. மணிக்கு 5,700 கார், ஒரே லேனில். மனிதர்கள் ஓட்டும் நல்ல நெடுஞ்சாலை லேன் 2,000, மிஞ்சினால் 2,200 தரும். அந்தச் சோதனையின் நோக்கமே டிரைவருக்கு ஓய்வு கொடுப்பது அல்ல. புதுச் சாலை போடாமல் இருக்கிற லேனில் இரண்டரை மடங்கு வண்டியை விடுவது. இன்றைய டிரைவர் இல்லாத கார்கள் தீர்க்கப் பார்ப்பது வேறு சிக்கல். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் உங்கள் கேள்வி எழுகிறது.

6.5 மீட்டரைப் பிடித்துவைத்திருப்பது ரேடாரால் மட்டும் ஆகாது. ஒவ்வொரு காரும் தனக்கு முன்னால் உள்ளதை மட்டும் பார்த்து இடைவெளியைச் சரிசெய்தால், முதல் கார் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தியது மூன்றாவது காருக்கு லேசான பிரேக்காகவும் எட்டாவது காருக்கு அவசர பிரேக்காகவும் போய்ச் சேரும். ஒவ்வொருவரும் முந்தியவரை விடக் கொஞ்சம் தாமதம், கொஞ்சம் அதிகம். முன்காரைப் பார்த்துத் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும் 'அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்' பொருத்தி இன்று கடையில் விற்கும் கார்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்த சோதனைகளிலும் இதே அலை தெரிந்திருக்கிறது. பெர்க்லிக்காரர்கள் செய்தது என்னவென்றால், தலைக்காரின் வேகத்தையும் முடுக்கத்தையும் நொடிக்கு 50 முறை ரேடியோவில் எல்லாக் கார்களுக்கும் அனுப்பியது. எட்டாவது கார் ஏழாவதுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தலை பிரேக்கைத் தொட்டதுமே அதுவும் தொடும். ஒன்றிரண்டு செய்தி விட்டுப்போனால் பாதகமில்லை. தொடர்ந்து சில நொடி ரேடியோ அறுந்தால் இடைவெளியை அகட்டியாக வேண்டும். அகட்டும் வழியில் அந்த 15, 20 மீட்டரைக் கடந்துதான் போக வேண்டும்.

இனி காந்தம். லேனின் நடுக்கோட்டில் 1.2 மீட்டருக்கு ஒரு துளை, அதில் 2.5 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட செராமிக் காந்தம். கிலோமீட்டருக்கு 830-க்குக் கொஞ்சம் மேல். காரின் முன்னும் பின்னும் பம்பருக்கடியில் காந்தப்புல சென்சார்கள். காந்தத்தின் நேர் மேலே செங்குத்துப் புலம் உச்சத்திலும் கிடைமட்டப் புலம் பூஜ்யத்திலும் இருக்கும். கார் பக்கவாட்டில் விலகினால் இவற்றின் விகிதம் மாறும். வண்டி குலுங்கி சென்சாரின் உயரம் மாறினாலும் விகிதம் அவ்வளவாக ஏமாற்றாது. எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறொன்று: வடமுனை மேலே இருந்தால் 1, தென்முனை மேலே இருந்தால் 0. இப்படி அடுக்கி, முன்னால் வரும் வளைவின் அளவை சாலையிலேயே எழுதிவிட்டார்கள்.

தொல்லைகளும் உண்டு. பூமியின் சொந்தக் காந்தப்புலம் சுமார் 0.5 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), அதைக் கழிக்க வேண்டும். பாலத்தின் மேல் ஏறினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் பின்னணிப் புலத்தையே மாற்றிவிடும். எனவே இரண்டு காந்தங்களுக்கு நடுவில் அளந்ததைப் பின்னணியாக எடுத்துக் கழித்துக்கொண்டே போக வேண்டும். இதைவிடச் சாதாரணமான எதிரி ரோடு ரிப்பேர். மேல்தாரை மெஷின் வைத்துச் சுரண்டினால் காந்தத்தின் தலையும் சேர்ந்து போகும்.

ஆனால் கேமரா வந்ததால் காந்தம் செத்தது என்று சொல்லமாட்டேன். பனி மூடினால் வெள்ளைக்கோடு கேமராவுக்குத் தெரியாது, காந்தத்துக்குக் கவலை இல்லை. சியரா நெவாடா மலையில் டானர் கணவாய்ப் பகுதியில் பனி தள்ளும் வண்டிகளுக்கு வழிகாட்ட இதே முறையைத்தான் சோதித்தார்கள். ஒரிகான் மாநிலத்து யூஜின் நகரில் 2013-ல் பேருந்தை மேடையோடு ஒட்டி நிறுத்தவும் அதே காந்தம் பயன்பட்டது.

பிறகு ஏன் சாலை வரவில்லை? சோதனை நடந்த இடத்தைப் பாருங்கள். ஐ-15 நெடுஞ்சாலையின் நடுவில், இருபுறமும் தடுப்புச்சுவருக்குள் இருந்த 12 கி.மீ. எக்ஸ்பிரஸ் லேன்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு முனைகள் மட்டுமே. நடுவில் ஏறி இறங்க ஒரு ராம்ப், அதாவது இணைப்புச் சாலை, கிடையாது. எட்டு கார் தொடரின் நடுக்கார் இறங்க வேண்டுமென்றால் முன்னும் பின்னும் இடைவெளி திறக்க வேண்டும், மறுபடி மூட வேண்டும். ஒவ்வொரு திறப்பும் மூடலும் அந்த ஆபத்தான நடு இடைவெளி வழியாகத்தான். இறங்கிய பிறகு? பச்சை பாதி நேரம் மட்டும் எரியும் சிக்னலில் ஒரு லேன் மணிக்கு சுமார் 900 வண்டியைத்தான் தள்ளும். 5,700 காரில் பாதி ஒரே இடத்தில் இறங்கினால் காத்திருக்கும் வரிசையின் வால் நெடுஞ்சாலைக்கே ஏறிவிடும். நெரிசல் ஒழியவில்லை, இடம் மாறியது.

இன்னொன்று, இந்த லேனில் சாதாரணக் கார் ஒன்று நுழைந்தாலும் கணக்கு உடையும். தனி லேன் வேண்டும். கார்கள் வராமல் லேன் கட்ட அரசு தயங்கும், லேன் இல்லாமல் கார் கம்பெனி கருவி பொருத்தாது. 1991-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று 1997-க்குள் தானியங்கிச் சாலைக்கு மாதிரி காட்டச் சொன்னது, காட்டினார்கள். அதற்கடுத்து அமெரிக்கப் போக்குவரத்துத் துறை பணத்தை நிறுத்திக்கொண்டது. வண்டிகள் பேசிக்கொள்ள 1999-ல் ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 45-ஐ 2020-ல் வைஃபைக்குக் கொடுத்துவிட்டார்கள். லாரித் தொடரில் டீசல் மிச்சம் என்று ஒரு வாதம் இருந்தது. அதையும் 2019-ல் ஜெர்மன் லாரி நிறுவனமான டெய்ம்லர் கைவிட்டது: தொடர் அறுந்து மறுபடி சேர லாரி வேகமெடுக்கும்போது, மிச்சமானது அதிலேயே போனது.

இப்போது கவனிக்க வேண்டிய இடம் ஜப்பான். ஷின்-தோமெய் எக்ஸ்பிரஸ்வேயில் நுமாஸுவுக்கும் ஹமாமாட்சுவுக்கும் இடையில் ஏறக்குறைய 100 கி.மீ.க்கு, இரவு 10 முதல் காலை 5 வரை, தானியங்கி லாரிகளுக்கு முன்னுரிமை லேன் வைத்து 2025 மார்ச்சில் சோதனை தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சுவருக்குள் இருக்கும் நடு லேனை அல்ல. இடது ஓர லேனை, ராம்பில் வரும் ஒவ்வொரு காரும் குறுக்கிடும் லேனை. இணையும் இடத்துக்கு எந்தக் கார் எப்போது, என்ன வேகத்தில் வந்து சேரும் என்பதை ஓரத்துச் சென்சார்கள் லாரிக்கு முன்கூட்டியே சொல்ல, அது மெதுவாக்கி இடம் விடுகிறதா என்று பார்க்கிறார்கள்.