கிட்டவே போக முடியாத லாவா குவிமாடத்தை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "எரிமலை உச்சியில் லாவா குவிமாடம் இத்தனை கன மீற்றர் வளர்ந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். மனிதர் போக முடியாத இடத்தை எப்படி அளக்கிறார்கள்? அந்தக் கணக்கை நம்பலாமா?"

நான் எரிமலை ஆய்வாளர் இல்லை, கொழும்பில் நில அளவையாளர். புதிய மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டும்போது பக்கத்துக் கட்டடம் சரிகிறதா, இறங்குகிறதா என்று அளந்துகொண்டிருப்பதுதான் என் அன்றாட வேலை. எரிமலைக்காரர்கள் பயன்படுத்தும் கருவிகளில் பாதியை நாங்கள் கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் வைத்திருக்கிறோம்: டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் அளப்பது), பிரிசம் (லேசரை வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடி), டில்ட் மீற்றர் (சாய்வை அளப்பது), ஜிபிஎஸ், ட்ரோன். அதனால் இந்த விஷயத்தைப் பல வருடங்களாக ஆசையோடு படித்து வருகிறேன். எங்கள் தொழிலுக்கு இரண்டு வேண்டும். அசையாத ஒரு புள்ளி, மறைப்பில்லாத ஒரு பார்வை. எரிமலை இந்த இரண்டையும் பறித்துவிடும். அந்த நிலையில் என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

முதலில் குவிமாடம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் ஆறுபோல ஓடும் லாவாவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிலிக்கா என்ற கனிமப் பொருள் அதிகமான பாறைக் குழம்பு கெட்டியாக இருப்பதால் அப்படி ஓடாது. வாயிலிருந்து மெல்லப் பிதுங்கி அங்கேயே குவியும். வெளித்தோல் ஆறிப் பாறையாகிவிடும், உள்ளே சூடும் வாயுவும் அடைபட்டிருக்கும். விளிம்பு செங்குத்தாகி உடைந்தால் கொதிக்கும் பாறையும் சாம்பலும் வாயுவும் சேர்ந்து மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சரிவில் இறங்கும். ஜப்பானின் உன்சென் எரிமலையில் 1991 ஜூன் 3ஆம் தேதி அப்படி இறங்கியதில் 43 பேர் இறந்தார்கள். எரிமலைகளைப் படம்பிடிப்பதில் உலகப் புகழ்பெற்ற மொரிஸ், காத்தியா கிராஃப்ட் தம்பதியரும் அமெரிக்க ஆய்வாளர் ஹரி கிளிக்கனும் அதில் அடக்கம். அனுபவசாலிகளையே விட்டுவைக்காத இடம் அது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒரு தபால் அதிபர். பெயர் மிமாட்சு மசாவோ. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் சோபெட்சு என்ற ஊரில் வேலை பார்த்தவர். 1943 டிசம்பர் கடைசியில் அங்கே நிலம் நடுங்கத் தொடங்கியது. அடுத்த மாதங்களில் கோதுமை வயல் இருந்த இடம் மெல்ல மேலே எழும்பி, பிறகு அதைப் பிளந்துகொண்டு ஒரு குவிமாடம் வெளியே வந்தது. உலகப் போர் நடந்த நேரம். செய்தியை வெளியே விடவில்லை, கருவியும் கிடையாது, படச்சுருளும் கிடையாது. அவர் தபாலகத்தின் பின்னால் கம்பங்கள் நட்டு, குறுக்காக நூல்களை இழுத்துக் கட்டினார். ஒரே இடத்தில் தலையை நிலையாக வைத்து நூல்களின் ஊடாகப் பார்த்து, மலையின் விளிம்பு எந்த நூலைத் தொடுகிறது என்று தாளில் வரைந்தார். அடுத்த முறை அதே இடம், அதே நூல், புதிய விளிம்பு. 1945 செப்டெம்பரில் வளர்ச்சி நிற்கும்வரை இதைத் தொடர்ந்தார். அந்த வரைபடம் 1948இல் ஒஸ்லோவில் நடந்த சர்வதேச எரிமலை மாநாட்டில் காட்டப்பட்டது. ஒரு குவிமாடம் பிறந்து வளர்ந்ததைக் காட்டும் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக இன்றும் அதை மதிக்கிறார்கள். பின்னால் அந்த மலையையே அவர் விலைக்கு வாங்கிப் பாதுகாத்தார். 398 மீற்றர் உயரமான அந்த மலையின் பெயர் ஷோவா ஷின்சான்.

நில அளவைக்காரன் கண்ணுக்கு, இன்று செயற்கைக்கோள் செய்கிற காரியத்தின் எலும்புக்கூடு அந்த நூல்களில் இருக்கிறது. அசையாத இடத்தில் நின்று, அதே கோணத்தில், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நாள் எடுத்த ரீடிங் தனியாக எதையும் சொல்லாது.

சரி, இன்றைய முறைக்கு வருவோம். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் யோக்யகார்த்தா நகருக்கு வடக்கே இருக்கும் மெராபி எரிமலையில், சரிவின் மேற்பகுதியில் பிரிசம்களைப் பதித்திருக்கிறார்கள். கீழே உள்ள கண்காணிப்பு நிலையங்களிலிருந்து லேசர் அடித்துத் தூரத்தை அளப்பார்கள். தூரம் குறைந்துகொண்டே வந்தால் மலை வெளிப்பக்கம் வீங்குகிறது என்று அர்த்தம். இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றின் வெப்பம் 1 பாகை மாறினால் அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகும். கொழும்பில் 100 மீற்றர் தூரத்துக்கு அது வெறும் 0.1 மில்லிமீற்றர், யாரும் கவலைப்பட மாட்டோம். மலையில் 5 கிலோமீற்றருக்கு அடிக்கும்போது அதே 1 பாகை 5 மில்லிமீற்றர் ஆகிவிடும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே பல பாகை வித்தியாசம் இருக்கும். வெப்பம், அழுத்தம் இரண்டையும் திருத்தாமல் வெளியிட்டால் மலை வீங்காமலே வீங்கியதாகத் தெரியும்.

கன அளவை எப்படி எடுக்கிறார்கள்? இரண்டு தேதிகளில் பல கோணங்களிலிருந்து படம் எடுத்து, இரண்டு முப்பரிமாண மேற்பரப்புகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். வீதி போடும்போது எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று நாங்கள் போடும் அதே கணக்குதான். வித்தியாசத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் செக்கனுக்கு எத்தனை கன மீற்றர் என்று வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவிமாடத்தின் ஒரு பக்கம் உதிர்ந்துகொண்டே இருந்தால், கீழிருந்து குழம்பு வந்துகொண்டிருந்தாலும் கன அளவு கூடாது, சில வேளை குறையவும் செய்யும். கீழே உதிர்ந்து கிடப்பதையும் சேர்த்துக் கணக்கிடாமல் "வளர்ச்சி நின்றுவிட்டது" என்று சொல்வது ஆபத்தான பேச்சு.

உயரத்தை மட்டும் பார்ப்பதும் அப்படித்தான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்ததைக் கொழும்பில் யாரும் மறக்கவில்லை. எரிமலைக்கும் அதற்கும் காரணங்கள் வேறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்: எந்தப் பக்கம் செங்குத்தாகிறது, அடித்தளம் எந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கத்துக்குக் கீழே யார் வாழ்கிறார்கள்?

பார்வையே கிடைக்காத நேரம்? அங்கேதான் காது உதவுகிறது. அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் மலையில் 2004 அக்டோபர் முதல் 2008 ஜனவரி வரை குவிமாடம் வளர்ந்தது. மனிதர் இறங்க முடியாத அந்த இடத்தில், நீண்ட இரும்புக் கால்கள் பொருத்திய பெட்டிகளை ஹெலிகொப்டரில் தொங்கவிட்டு வைத்தார்கள். உள்ளே ஜிபிஎஸ், நில அதிர்வுமானி, வானொலி. எட்டுக்கால் பூச்சிபோல நிற்கும் அந்தப் பெட்டிகள் பாறையோடு சேர்ந்து நகர்ந்தபடியே தங்கள் இடத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே குழம்பு ஏறக்குறைய திடப் பாறையாகவே மேலே தள்ளப்பட்டு வந்தது. உரசிக்கொண்டு வரும்போது, அரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம்வரையான சீரான இடைவெளியில் ஒரே மாதிரியான சின்னச் சின்ன அதிர்வுகள். மேளத்தில் தட்டுவதுபோல இருந்ததால் அந்தப் பெயராலேயே இன்றும் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். குவிமாடத்திலிருந்து கல் உருண்டு விழுந்தாலும் நில அதிர்வுமானியில் தனி அடையாளத்தோடு பதியும். மூடுபனியில் எதுவும் தெரியாத நாளிலும், இன்று எத்தனை தடவை கல் சரிந்தது என்று எண்ணிவிடலாம்.

கரிபியனில் மொன்செராட் தீவின் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை 1995 ஜூலையில் விழித்தது. 1997இல் உச்சிக்குப் பக்கத்தில் இருந்த டில்ட் மீற்றர்கள் ஓர் அபூர்வமான ஒழுங்கைக் காட்டின. சுமார் 6 முதல் 14 மணி நேரத்துக்கு ஒருமுறை மலை வீங்கும், அதிர்வுகள் கூடும், பிறகு வாயு வெளியேறி வீக்கம் வடியும். வடியும் நேரத்தில்தான் பெரும்பாலும் சரிவுகள் நடந்தன. அடுத்த துடிப்பு எப்போது என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அப்படியிருந்தும் அந்த வருடம் ஜூன் 25ஆம் தேதி குவிமாடம் சரிந்ததில் 19 பேர் இறந்தார்கள். விலக்கி வைக்கப்பட்ட பகுதிக்குள் தோட்ட வேலைக்கும் வீடு பார்க்கவும் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். இதைப் படித்த ஒவ்வொரு முறையும் மனம் கனத்துவிடும். தோட்டத்தை விட்டு வர யாருக்குத்தான் மனம் வரும்?

இப்போது நம்பலாமா என்ற பகுதி. 2010இல் மெராபியில் நடந்ததைப் பாருங்கள். செப்டெம்பர் 20, அக்டோபர் 21, அக்டோபர் 25 என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டது. உச்சியில் புதிய குவிமாடம் எதுவும் தெரியவில்லை, ஆனால் தெற்குச் சரிவின் பிரிசம் நாளுக்கு அரை மீற்றர்வரை நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வேலைத்தளத்தில் சில மில்லிமீற்றர் நகர்ந்தாலே வேலையை நிறுத்தச் சொல்வோம். அக்டோபர் 26 மாலை மலை வெடித்தது, உச்சிக்கு அருகிலிருந்த கருவிகள் பல அழிந்தன. அதன் பிறகு மேகத்தையும் சாம்பலையும் ஊடுருவும் ராடார் செயற்கைக்கோள்கள் கைகொடுத்தன. ஒரே செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப நாட்கள் ஆகும். டெராசார்-எக்ஸ் என்ற ஜெர்மன் ராடார் செயற்கைக்கோளுக்கு 11 நாள். அதனால் பல நாடுகள் தங்கள் படங்களைப் பகிர்ந்துகொண்டன. நவம்பர் தொடக்கத்தில் புதிய குவிமாடம் செக்கனுக்கு சுமார் 25 கன மீற்றர் வேகத்தில் வளர்வது அந்தப் படங்களில் தெரிந்தது. நாளுக்கு 20 இலட்சம் கன மீற்றருக்கு மேல். மெராபியின் வழக்கமான வேகத்தைவிடப் பல மடங்கு.

அந்த எண்ணையும் அதிர்வுப் பதிவுகளையும் வைத்து, எரிமலைத் துறைத் தலைவர் சுரோனோவின் குழு ஆபத்து எல்லையை 10 கிலோமீற்றரிலிருந்து 15க்கும், பிறகு 20க்கும் விரித்தது. நவம்பர் 5 நள்ளிரவு தாண்டியதும் மிகப் பெரிய வெடிப்பு. 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த எல்லை விரிக்கப்பட்டிராவிட்டால் மேலும் 10,000 முதல் 20,000 பேர் இறந்திருக்கலாம் என்று பிறகு மதிப்பிட்டார்கள். சுமார் 4 இலட்சம் பேரை வீட்டை விட்டுப் போகச் சொல்வதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த உறுதியைத் தந்தது ஒரு கருவி மட்டும் இல்லை. பிரிசம், அதிர்வு, ராடார் எல்லாம் ஒரே திசையைக் காட்டின. ஆகவே என் பதில், நம்பலாம், ஆனால் தனி எண்ணை நம்ப வேண்டாம்.

இலங்கையில் எரிமலை கிடையாது. ஆனால் நீங்கள் தொடர்ந்து பார்க்க விரும்பினால் மெராபியைக் கவனியுங்கள். யோக்யகார்த்தாவில் உள்ள கண்காணிப்பு மையம் அறிக்கைகளை இணையத்தில் தொடர்ந்து போடுகிறது. இந்தோனேசிய மொழியில் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலியே போதும். குவிமாடத்தின் கன அளவு, கல் சரிவுகளின் எண்ணிக்கை, தூர அளவீடு, இந்த மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் குறித்து வாருங்கள். கன அளவு அப்படியே இருக்க, சரிவு எண்ணிக்கை கூடி, தூரம் குறையும் வாரம் ஒன்று வந்தால் அன்றைய அறிக்கையை முழுவதும் வாசியுங்கள். ஏதாவது புரியாவிட்டால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.