இங்கிலாந்தில் ரோமானியர் போட்ட சாலைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றனவா? போய்ப் பார்க்கும்படி ஏதாவது உண்டா?

இருக்கின்றன. நீங்கள் இங்கே புதிதாக வந்திருப்பீர்கள், கல் பாவிய தெருவை எதிர்பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் புல் மூடிய நீண்ட கரையாகத்தான் தெரியும்.

நான் பார்த்தது தென் இங்கிலாந்தில் டார்செட் கிராமப்புறத்தில் உள்ள ஆக்லிங் டைக் என்ற ரோமானியச் சாலை. சால்ஸ்பரி அருகே ஓல்டு சாரத்திலிருந்து பாட்பரி ரிங்ஸ் என்ற பழைய மலைக்கோட்டை வரை சுமார் 35 கிலோமீட்டர். இன்றைய ஏ354 சாலை ஓரிடத்தில் வளைந்து விலகிவிட, இது மட்டும் நூல் பிடித்தது போல நேராகப் போகிறது.

போன வருடம் அப்பாவைக் கூட்டிப் போனேன். ஊரில் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் எதைக் காட்டினாலும் "ம்" என்றவர், அந்தக் கரைமேல் ஏறியதும் பேச ஆரம்பித்துவிட்டார். "நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு. தண்ணி நின்னா ரோடு போச்சும்மா. அது தெரிஞ்சவன் போட்டிருக்கான்." சில இடங்களில் கரை ஆறடி உயரம் இருக்கும். உள்ளே என்ன கப்பி என்று பார்க்க, குச்சியால் கிளறக் குனிந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இதன் பல பகுதிகள் 1979 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். அனுமதி இல்லாமல் தோண்டுவதும் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவதும் குற்றம். சொன்னதும் குச்சியைப் போட்டுவிட்டார். "ரோட்டுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வழியில் ஓக்லி டவுன் என்ற மேட்டுப் புல்வெளியில், அதைவிடப் பழைய வெண்கலக் காலத்து ஈமத்திட்டு ஒன்றை வெட்டிக்கொண்டு சாலை போகிறது. அது மட்டும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

ஆக்கிரமித்தவர்களைப் புகழ்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். ரோமானியர் படையெடுத்து வந்து பிடித்த நாடு இது, படை நகரத்தான் சாலை போட்டார்கள். தெரியும். மண் சுமந்து கரை கட்டியவர்களின் வேலையைத்தான் நான் சொல்கிறேன்.

   

சரி, போவதென்றால் நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் வேண்டாம், நாலு மணிக்கே இருட்டிவிடும்.