மகள் கருந்துளை ஆராய்ச்சிக்குப் போகலாமா?

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் சூப்பர்சிமெட்ரி (ஒவ்வொரு வகை அடிப்படைத் துகளுக்கும் ஒரு இணைத் துகள் உண்டு என்னும் கருத்து) சார்ந்த கருந்துளைகளை ஆராயப் போவதாகச் சொல்கிறாள், இதில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இது தொலைநோக்கி வேலை அல்ல, பேனாவும் தாளும்தான். சூப்பர்சிமெட்ரிக்கு இதுவரை சோதனைச் சான்றும் கிடையாது. இது தெரிந்த பிறகும் ஆசை குறையவில்லையா என்று பாருங்கள்.

ஒரு கணக்குக் கொடுங்கள். மின்னூட்டமுள்ள, சுழலாத கருந்துளை. நிறையையும் மின்னூட்டத்தையும் ஒரே அலகில் வைத்தால், நிறை அதிகமானபோது இரண்டு எல்லைகள் (ஹொரைசன்; வெளி எல்லையைத் தாண்டி உள்ளே போனால் ஒளியும் திரும்பாது) வரும். இரண்டும் சமமானால் எல்லைகள் ஒன்றாகி ஹாக்கிங் வெப்பநிலை, அதாவது கருந்துளை வெளிவிடும் கதிர்வீச்சின் வெப்பநிலை, பூஜ்யமாகும். நிறை குறைந்தால் எல்லையே இருக்காது. வெறும் இருபடிச் சமன்பாடு! அந்தச் சமநிலைதான் சூப்பர்சிமெட்ரியைக் காக்கும் வகை. இவ்வகையில் ஐந்து பரிமாணக் கருந்துளை ஒன்றின் நுண்நிலைகளை (உள்ளே சாத்தியமான அமைப்புகளை)த்தான் 1996-இல் இயற்பியலாளர்கள் ஸ்ட்ரோமிங்கரும் வாஃபாவும் எண்ணி, என்ட்ரோபி (அந்த எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு) எல்லையின் பரப்பில் நாலில் ஒரு பங்கு என்ற சூத்திரத்தோடு பொருத்திக் காட்டினார்கள்.

அடுத்து, எதிர்மறை அண்டவியல் மாறிலியை (வெற்று வெளிக்கே உள்ள ஆற்றலைக் குறிக்கும் எண்) சேர்க்கச் சொல்லுங்கள். கருந்துளையிலிருந்து வெகு தொலைவிலும் வெளி தட்டையாகாமல் வளைந்தே இருக்கும்; இதற்கு ஆன்டி-டி சிட்டர் வெளி என்று பெயர். நிறையும் மின்னூட்டமும் சமமென்றால், எல்லையைத் தரும் சார்பு ஒரு வர்க்கமும் அதோடு ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமான ஒரு நேர்மறை உறுப்புமாக நிற்கும். அது பூஜ்யமாகவே ஆகாது. எல்லை காணாமல் போய்விடும். மின்னூட்டம் மட்டுமுள்ள கோள வகையில், சூப்பர்சிமெட்ரி கெடாமல் எல்லை திரும்ப வர வேண்டுமானால் சுழற்சி சேர்க்க வேண்டும். இதை அவளே போட்டுப் பார்த்து "ஏன்?" என்று நச்சரித்தால் தைரியமாக அனுப்பலாம்.

வழி: எம்.எஸ்சி.க்கு ஐஐடிகளின் ஜாம் (JAM), எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு ஆய்வு நிறுவனங்களின் பொதுத் தேர்வான ஜெஸ்ட் (JEST), டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஐஎஃப்ஆர் (TIFR) நுழைவுத் தேர்வுகள். சென்னையிலேயே தரமணி கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பலர் சறுக்குவது வரிசையில்தான். குவாண்டம் புலக் கோட்பாடு (துகள்களைப் புலங்களின் அதிர்வாகப் பார்ப்பது) தெரியாமலே ஸ்ட்ரிங் தியரி (துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்ப்பது) புத்தகத்தைத் திறக்கிறார்கள். பொதுச் சார்பியலும் (ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடு) புலக் கோட்பாடும் முடிந்த பிறகே சூப்பர்சிமெட்ரி. சான்றிதழ் தரும் ஆன்லைன் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள், சேர்க்கையில் அதற்கு மதிப்பில்லை.

பிஎச்.டி.யில் உதவித்தொகை முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சிக்கல் அதற்குப் பிறகுதான்: பெரும்பாலும் வெளிநாட்டில் இரண்டு மூன்று போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), நிரந்தரப் பணியிடங்களோ மிகக் குறைவு. எனவே பைத்தானும் புள்ளியியலும் கூடவே வரட்டும். அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரை இப்போதே அணுகச் சொல்லுங்கள்.