லாட்டரியில் சீட் கிடைத்தும் 18,000 ரூபாய் கேட்கிறார்கள்

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சைக்கிளில் இட்லி விற்கிறார். ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) லாட்டரியில் மகளுக்கு ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சீட் கிடைத்தது. புத்தகம், யூனிஃபார்ம், ஆக்டிவிட்டி என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள், அரசாங்கம் பணம் தரவில்லையாம். லாட்டரிப் பிள்ளைகளுக்கு மதியம் தனி வகுப்பு என்றும் சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டிவிடட்டுமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில், தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கும் 12(1)(சி) பிரிவில் வந்த பிள்ளை அது, எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசம். அரசாங்கம் பாக்கி வைத்திருந்தால் அது பள்ளிக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள கணக்கு, அதை உங்கள் இட்லிக் கூடையிலிருந்து வசூலிக்க முடியாது.

எனக்குப் பணத்தைவிட அந்த மதிய வகுப்புதான் உறுத்துகிறது. இந்தப் பிள்ளைகளைத் தனி அறையிலோ தனி நேரத்திலோ உட்கார வைக்கக்கூடாது, புத்தகம், யூனிஃபார்ம், விளையாட்டு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஒரே கேட், இரண்டு வகுப்பு என்றால் பிள்ளைக்குப் புரியாமலா போகும்?

2024-இல் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இந்த லாட்டரி சீட் தர வேண்டியதில்லை என்று விதியை மாற்றியதே, அதை பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்துவிட்டது. ஆகவே பக்கத்து முனிசிபல் பள்ளியைக் காட்டினால் மிரள வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள் (தர மாட்டார்கள், வாட்ஸ்அப் மெசேஜ் வந்திருந்தால் அழிக்காதீர்கள்), எந்த உறுதிமொழித் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாநகராட்சிக் கல்வி அதிகாரிக்கு 32-ஆம் பிரிவின்படி புகார் எழுதி, ஆவக் கவுண்டரில் (கடிதங்களை வாங்கிப் பதிவு செய்யும் இடம்) கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள், அந்த சீல் இல்லையென்றால் நாளைக்கு புகாரே வரவில்லை என்பார்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் மேல்முறையீடு. வக்கீல் செலவுக்கும் பயப்பட வேண்டாம், பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானச் சான்றிதழ்கூடக் கேட்கக்கூடாது.

அப்புறம் ஒன்று, ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழு ஃபீஸ் கேட்பார்கள், அதற்கு இந்தச் சட்டத்தில் வழியில்லை. கடன் வாங்குவதானால் அன்றைக்கு யோசிக்கலாம்.