கள்ளு இறக்கும் வீட்டிலிருந்து: கேள்வி பதில்

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னந்தோட்டத்தில் பிறந்தவள் நான். தாத்தா கள்ளு இறக்கினார், அப்பா இறக்கினார், இப்போது தம்பி ஏறுகிறான். லைசென்ஸ் உள்ள கடை. கடைக் கணக்கும் காடி (வினிகர்) போடுவதும் என் பொறுப்பு. நேற்றிலிருந்து வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கள்ளு போத்தலின் மூடியை இறுக்கித் திருகாதீர்கள். கள்ளு புளிக்கப் புளிக்க உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடித்துவிடும்.

ஈப்போ தம்பி: அக்கா, பாளையை வெட்டினால் கள்ளு தானாக வடியுமா?

வடியாது தம்பி. பாளையைப் பழக்க வேண்டும். வெடிக்கும் பருவத்துக்கு வந்து, இன்னும் வெடிக்காத பாளையாகப் பார்த்து, விரியாமல் இருக்க அடியிலிருந்து நுனிவரை கயிற்றால் இறுக்கிச் சுற்றுவார்கள். அப்புறம் தினமும் சின்னக் கட்டையால் சுற்றிலும் தட்ட வேண்டும். உள்ளே இருக்கிற பூ நசுங்க வேண்டும், மேல்தோல் கிழியக் கூடாது. தாத்தா சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். முதல் நாள் பச்சைக் கட்டையைத் தட்டுகிற மாதிரி 'டொக் டொக்' என்று கேட்கும். பதம் வந்த பாளை, ஈரத்துணியைத் தட்டுகிற மாதிரி மந்தமாகக் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் நுனியைச் சீவிப் பாளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கலயத்தை மாட்டுவார்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் ஏறியே ஆக வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வெங்காயச் சருகு கனத்துக்குத்தான் சீவ வேண்டும். கனமாகச் சீவுகிறவன் பத்து நாளில் பாளையைத் தீர்த்துவிடுவான், மெல்லச் சீவுகிறவனுக்கு அதே பாளை ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்கும். அரிவாளைத் தாத்தா பலகையில் பொடி மணல் தூவித் தீட்டுவார். தீட்டியதும் முன்கையில் வைத்து ஒரு இழு. முடி மழித்தால்தான் மரத்தடிக்குப் போவார். நல்ல மரம் நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் தரும். கள்ளுக்குக் கட்டிய பாளையில் காய் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பினாங்கு அன்பர்: திராட்சை ஒயினை வருடக்கணக்கில் வைக்கிறார்களே, கள்ளை ஏன் வைக்க முடியவில்லை?

நல்ல கேள்வி. திராட்சை ஒயினில் சாராயச் சத்து 12, 13 சதவீதம் இருக்கும். பழத்தின் புளிப்பும் சேர்ந்து கிருமியை அடக்கும், காற்றுப் புகாமல் அடைத்தும் வைக்கிறார்கள். கள்ளில் அப்படி இல்லை. பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர்தான், நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை. கலயத்திலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட் அங்கேயே, மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. காலையில் இறக்கியதில் மத்தியானத்துக்குள் சாராயச் சத்து 4, 5 சதவீதத்துக்கு வந்துவிடும். அதே சமயம் புளிக்க வைக்கிற கிருமிகளும் உள்ளேயே இருக்கின்றன. மறுநாள் குடித்தால் தொண்டையைப் பிடிக்கும். அதையும் தாண்டினால் காடிதான். அதனால் எங்கள் வீட்டில் 'பழைய சரக்கு' என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு இறக்கியது அன்றைக்கு. மிஞ்சியதை வாய் அகன்ற ஜாடியில் ஊற்றித் துணி கட்டி வைப்பேன். சில வாரத்தில் ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் அருமையான காடி கிடைக்கும்.

சித்தியவான் அக்கா: அப்பத்துக்குக் கள்ளு எவ்வளவு ஊற்றுவது?

ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு ஒரு கிளாஸ், அன்றைய காலைக் கள்ளாக. இரவு கலந்தால் காலையில் பொங்கி நிற்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். மூடியையும் இறுக்காதீர்கள்.

மூன்று பேர்: விலை என்ன? கடை எங்கே?

இங்கே விளம்பரம் செய்யவில்லை. 21 வயது நிறையாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விற்க மாட்டோம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கெடா, ஓய்வு பெற்ற ஆசிரியர்: என் தாத்தா தொண்டர் படையில் இருந்தவர். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவர். நம் தோட்டத்து மக்களைக் கெடுத்த தொழிலைப் பரம்பரைப் பெருமையாக எழுதுவது சரியா அம்மா?

ஐயா, முதலில் உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். 1947இல் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதை எங்கள் அப்பாவே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்திலும், சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் தொழிலாளர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. துரை கொடுத்த சம்பளம் லயத்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே கரைந்தது. பாட்டி சொல்வார், சம்பள நாளில் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு கடைக்குப் போகிற செம்மண் பாதையில் நிற்பார்களாம், அரிசிக் காசையாவது முன்கூட்டி வாங்கிக்கொள்ள. கள்ளு இறக்குகிறவரின் மனைவியான பாட்டியும் அங்கே நின்றவர்தான். இதை மறைத்துவிட்டு நான் பெருமை பேச மாட்டேன்.

அப்பா கடையை எடுத்தபோது இரண்டு விதி வைத்தார். கடன் கிடையாது. வீட்டுப் பெண் வந்து 'இவருக்கு ஊற்றாதீர்கள்' என்று சொல்லிவிட்டால் ஊற்றக் கூடாது, அவர் எவ்வளவு சண்டை போட்டாலும் சரி. இன்றும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் அப்படிப்பட்ட பெயர்களை நான்தான் எழுதுகிறேன்.

கிள்ளான் அண்ணன்: கள்ளாவது சம்சுவாவது, எல்லாம் ஒரே குட்டை.

ஒரே குட்டை இல்லை அண்ணே. இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கள்ளு புளித்தது, சம்சு காய்ச்சி வடித்த சாராயம். திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவனும் கலக்குகிறவனும் உள்ளே என்ன ஊற்றுகிறான் என்று யாருக்கும் தெரியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் வாசனையில் தெரியாது. குடித்தவுடனேயும் தெரியாது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது கண் நரம்பைத் தாக்குகிறது. அரை நாள், ஒரு நாள் கழித்துப் பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். 'போதை தெளியட்டும், தூங்கட்டும்' என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் பிழைக்க வைக்கலாம்.

மீண்டும் கெடா ஆசிரியர்: வித்தியாசம் புரிகிறது அம்மா. ஆனால் சம்சுவுக்குப் போனவர்கள் கள்ளில்தானே தொடங்கினார்கள்?

சிலர் அப்படித்தான் ஐயா. என் பெரியப்பா அப்படித்தான் போனார். கள்ளு இறக்குகிற வீட்டிலேயே பிறந்து, கள்ளு போதாமல் சம்சுவுக்குப் போய், நாற்பத்து நான்கு வயதில் ஈரல் கெட்டு இறந்தார். அவருடைய அரிவாளைத்தான் தம்பி இப்போது வைத்திருக்கிறான். உங்கள் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியாது. நான் பார்த்த வரையில், பக்கத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை மூடியபோது குடி நிற்கவில்லை, மலிவான போத்தலுக்கு மாறியது. அதற்காகக் கள்ளுக்கடை நல்லது என்று சொல்லவில்லை. தெரிந்த மரம், தெரிந்த கை, அன்றைக்கு இறக்கிய சரக்கு, அளவு பார்த்து ஊற்றுகிற ஆள், இவ்வளவும் இருந்தால் மட்டும்தான் இந்தத் தொழிலை நான் செய்வேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், தேநீர் போட்டுத் தருகிறேன். அந்த நோட்டையும் காட்டுகிறேன்.

இந்தப் பேச்சில் நேரம் போய்விட்டது. மிச்சத்துக்குச் சுருக்கமாக.

கம்பார் தம்பி: முனியாண்டிக்குக் கள்ளு படைப்பது உண்மையா?

உண்மை. புதுப் பாளையின் முதல் கலயம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. தோட்டத்து எல்லையில் இருக்கிற முனியாண்டிக்கு ஒரு சுருட்டோடு வைத்துவிட்டுத்தான் மறு கலயம். அன்றைக்கு ஏறுகிறவர் கவிச்சி சாப்பிட மாட்டார்.

மூவார் தங்கை: புளிக்காத பதநீர் கிடைக்குமா?

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மாட்டினால் புளிக்காது. முதல் நாள் மாலையே சொன்னால் செய்து தருவோம். காலையில் குடித்துவிட வேண்டும்.

ரவாங் அண்ணன்: இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் கள்ளு குடிக்கலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

கூச்சிங் நண்பர்: எங்கள் ஊர் துவாக்கும் இதுவும் ஒன்றா?

சரவாக்கின் இபான் மக்கள் காவாய் அறுவடைத் திருநாளுக்குச் செய்கிற துவாக் அரிசியில் செய்வது. வேறு பானம், வேறு கைப்பழக்கம். அவர்களிடமே கேட்டால் அழகாகச் சொல்வார்கள்.

இன்னும் இரண்டு பேர்: விலை?

மேலே படியுங்கள்.

தாப்பா தம்பி: வீட்டில் நாலு தென்னை இருக்கிறது, இறக்கி விற்கலாமா?

கூடாது. 1976 கலால் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். சுங்கத் துறையில் விசாரித்துவிட்டு மரத்தைத் தொடுங்கள். இன்னொன்று, மழை நின்ற உடனே ஏறாதீர்கள். மட்டை வழுக்கும். அப்பாவின் இடது தோள் அப்படித்தான் போனது.

தெலுக் இந்தான் தம்பி: அக்கா, மத்தியானம் ஒன்றரை லிட்டர் மினரல் போத்தலில் கள்ளு வாங்கி, மூடி போட்டுக் காருக்குள் வைத்திருக்கிறேன். வேலை முடிய ஆறு மணி ஆகும். பரவாயில்லையா?

உடனே எழுந்து காருக்குப் போங்கள் தம்பி. போத்தல் பந்து மாதிரி உப்பியிருந்தால் கையில் தூக்காதீர்கள், ஆட்டாதீர்கள். இருக்கிற இடத்திலேயே ஒரு துணியைப் போட்டு மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருகி நிறுத்துங்கள். 'புஸ்' என்ற சத்தம் முழுக்க அடங்கட்டும். அதற்குப் பிறகு இன்னொரு கால் திருகு. திறந்ததும் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.