பிறந்த குழந்தைக்குப் போதைப்பொருள் சோதனை – கடிதம்

வணக்கம். போன மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து ஏதேதோ நோய்களுக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவில் தாய் போதைப்பொருள் எடுத்தாளா என்றும் குழந்தையிடம் சோதிக்கிறார்களாம். சிங்கப்பூரிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பார்த்துவிட்டால் என்ன? தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம்?
– ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள அம்மா,

பேத்தி நன்றாக இருக்கட்டும்.

இங்கே 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாட்டைப் பார்க்கிறார்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பதுதான் அது. குறை தெரிந்தால், அந்த அணுக்களைச் சிதைக்கக்கூடிய அந்துருண்டையை அலமாரியிலிருந்து தூக்கிப்போடுகிறோம், பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. நீங்கள் கேட்கும் சோதனை அப்படியில்லை. அது தாயைப் பற்றிச் சாட்சி சொல்லக் குழந்தையைக் கூப்பிடுவது.

அந்தச் சாட்சியும் தடுமாறும். குழந்தையின் சிறுநீர் பிறப்புக்கு முந்தைய கடைசிச் சில நாட்களைத்தான் காட்டும். பாட்டிமார் காட்டுப்பீ என்பார்களே, அந்த முதல் கருப்பு மலத்தில் கர்ப்பத்தின் பிற்பாதிக் கதை இருக்கும். ஆனால் பிரசவ வலிக்கு மருத்துவர் போட்ட ஊசியும் அதில் தெரியலாம். குழந்தையைக் குளிப்பாட்டிய சோப்பினாலேயே சிறுநீரில் கஞ்சா என்று முடிவு வந்ததை 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குருமாவில் அரைத்த கசகசாகூடத் தாயின் சிறுநீரில் அபின் வகையாகத் தெரியலாம். மறுசோதனை வருவதற்குள் அந்த வீடு என்ன பாடுபடும்?

எல்லாருக்கும் செய்தால் பாரபட்சம் இராது என்பது சரிதான். ஃப்ளோரிடாவின் ஒரு வட்டாரத்தில் போதைப்பழக்கம் வெள்ளையினக் கர்ப்பிணிகளிடமும் கறுப்பினக் கர்ப்பிணிகளிடமும் ஏறக்குறைய ஒரே அளவு. புகார் போனதோ கறுப்பினத் தாய்மார்மீது பத்து மடங்கு. 1990இல் வந்த ஆய்வு அது. ஆனால் முடிவு யார் கைக்குப் போகிறது? அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனை கர்ப்பிணிகளின் சோதனையைப் போலீசிடம் கொடுத்தது. சம்மதமில்லாமல் அப்படிச் செய்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. நம் ஊரில் போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். பயந்தவள் கிளினிக் பக்கமே வரமாட்டாள் அம்மா.

அபின் வகைப் பழக்கத்தோடு பிறந்த குழந்தை கீச்சென்று ஓயாமல் அழும். கைகால் வெடவெடக்கும். தும்மிக்கொண்டே இருக்கும், பாலைச் சரியாக உறிஞ்சாது. பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் தொடங்கும். இப்போது பல மருத்துவமனைகளில் பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, அழுகையை அமர்த்த முடிகிறதா என்று மூன்றைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் தாயின் மார்போடு அணைத்து வைத்தாலே பல குழந்தைகளுக்கு மருந்து வேண்டியிருப்பதில்லை. அந்தத் தாயையா விரட்டுவது?

மூன்றாம் மாதத்திலேயே ஒரு தாதி கதவைச் சாத்திவிட்டு, எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்கட்டும். அப்புறம் சோதனை வேண்டுமென்றால், எதற்கென்று சொல்லி, அவள் சம்மதத்தோடு எடுக்கட்டும்.